கடலில் நனையும் மைக்: நீர்புகா வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் இயங்கும் விதமும் ராமநாதபுரம் கரையில் அதைக் கையாளும் முறையும்

சின்னப்பாலத்திலோ ஏர்வாடியிலோ கடல்பாசி எடுக்கும் ஒரு பெண், தண்ணீரில் நின்றபடி பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து கம்பு மைக்கை நீட்டினால் அலையும் காற்றும்தான் விழும். அவர் உடம்பிலேயே காலர் மைக்கும், குரலை ரேடியோ அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் இருந்தால்தான் குரல் கிடைக்கும். அந்த டிரான்ஸ்மிட்டர் அவரோடு சேர்ந்து முங்கி எழ வேண்டும். அதற்காகவே நீர்புகா வகை செட்டுகள் செய்யப்படுகின்றன. லெக்ட்ரோசோனிக்ஸ் டபிள்யூஎம் போன்றவை இந்த வேலைக்கென்றே வந்தவை.

இவற்றை வாங்குபவர்களும் வாடகைக்கு எடுப்பவர்களும் முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் தண்ணீர் போகாது என்பதற்கு மட்டுமே அதன் தயாரிப்பாளர் பொறுப்பு. தண்ணீருக்குள்ளிருந்து சத்தம் வரும் என்று அவர் சொல்லவில்லை. கடல்நீருக்குள் போன ஆண்டெனா ஊமைதான், விலை எவ்வளவாக இருந்தாலும். ஆகவே வேலை இரண்டாகப் பிரிகிறது. பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் காப்பது ஒன்று, ஆண்டெனாவைத் தண்ணீருக்கு வெளியே வைப்பது இன்னொன்று. முதலாவதில் கவனமாக இருந்து இரண்டாவதை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

பேச்சு ரேடியோ அலையாகும் வழி

காலர் மைக்கின் தலைக்குள் இருப்பது எலக்ட்ரெட் கேப்ஸ்யூல். மெல்லிய டயஃப்ரமும் அதன் பின்னால் இருக்கும் தட்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர். நிரந்தரமாக மின்னேற்றிய படலம் அதில் ஒட்டியிருக்கும். குரல் டயஃப்ரத்தை அசைக்கும்போது மில்லிவோல்ட் அளவில் மின்னழுத்தம் பிறக்கிறது. கேப்ஸ்யூலுக்குள்ளேயே உள்ள சிறு எஃப்இடி டிரான்சிஸ்டர் அதை வயரில் ஓடத் தகுந்ததாக்குகிறது. அந்த டிரான்சிஸ்டர் இயங்க வேண்டிய சில வோல்ட் மின்னழுத்தத்தை (பயாஸ்) டிரான்ஸ்மிட்டர்தான் மைக் வயர் வழியாக அனுப்புகிறது. கனெக்டரில் உப்புத்தண்ணீர் ஏறினால் இந்த பயாஸ் கசியும். சத்தம் முதலில் மெலியும், பிறகு கரகரக்கும்.

தண்ணீருக்கு எல்லாத் திசையிலும் கேட்கும் ஓம்னி மைக் மட்டுமே சரி. ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்குக்குப் பின்புறமும் துளைகள் வேண்டும். அவற்றை மூடினால் திசை போகும், திறந்து வைத்தால் தண்ணீர் உள்ளே போகும். ஓம்னிக்கு ஒரே வாய்தான். அதன் மேல் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் மென்படலம் போட்டால் போதும்.

வயரில் வரும் சிக்னலை டிரான்ஸ்மிட்டருக்குள் ப்ரீஆம்ப் பெரிதாக்கும். அலை மைக்கில் அறையும் நொடிகளை லிமிட்டர் அமுக்கும். அனலாக் செட்டாக இருந்தால் சத்தத்தின் ஏற்ற இறக்கம் இரண்டுக்கு ஒன்றாகச் சுருக்கப்பட்டு எஃப்எம் முறையில் அலையில் ஏறும். அலையை வாங்கும் ரிசீவர் அதை மீண்டும் விரிக்கும். டிஜிட்டல் செட்டாக இருந்தால் வழக்கமாக நொடிக்கு 48,000 மாதிரிகளாக வெட்டி எண்ணாக்கி அனுப்பும். இரண்டிலும் கடைசிக் கட்டம் ஒன்றே. குவார்ட்ஸ் படிகத்தை அடிப்படையாகக் கொண்ட பிஎல்எல் சுற்று அலைவரிசையை அசையாமல் பிடித்துவைக்கிறது. சிறிய பவர் ஆம்ப் 10 முதல் 100 மில்லிவாட் வரை ஆண்டெனாவுக்குத் தள்ளுகிறது. ஒரு செல்போனின் உச்ச அளவோடு ஒப்பிட்டாலும் இது குறைவு. ஒவ்வொரு டெசிபெல்லையும் (சிக்னல் வலுவின் அலகு; 10 டெசிபெல் போனால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும்) காப்பாற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆண்டெனாவின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 600 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 50 செ.மீ., ஆண்டெனா 12.5 செ.மீ. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஆண்டெனா 3 செ.மீ. சொச்சம்தான், பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். மறைக்க அது வசதி. ஆனால் உடம்போடு ஒட்டிய பெட்டிக்குள் ஆண்டெனா மாட்டிக்கொள்வதால், கடல் வேலைக்கு, 600 மெகாஹெர்ட்ஸ் போன்ற யுஎச்எஃப் பட்டையில் ஓடும், வெளியே நீட்டிய ஆண்டெனாவே மேல்.

கடல்நீர் சிக்னலை விழுங்கும் அளவு

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். அதில் நுழையும் ரேடியோ அலை நீரிலுள்ள அயனிகளை ஆட்டி, தன் சக்தியை வெப்பமாக இழக்கிறது. நம் பகுதியின் வெதுவெதுப்பான கடலில் 600 மெகாஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஆறு முதல் எட்டு டெசிபெல் வரை இழக்கும். பத்து சென்டிமீட்டர் கடப்பதற்குள் 60 டெசிபெல்லுக்கு மேல் போய்விடும். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இழப்பு இன்னும் அதிகம்.

நல்ல தண்ணீரில் கணக்கு வேறு. அங்கே 600 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டருக்கே இருபது முப்பது டெசிபெல் அளவில்தான் போகும். ஊருணியிலோ நீச்சல் குளத்திலோ ஒரு சாண் ஆழத்தில் சோதித்துப் பார்த்து, சிக்னல் ஓரளவு வருகிறது என்று நம்பிக் கடலுக்குப் போனால், நான்கு விரல் ஆழத்திலேயே எல்லாம் நின்றுவிடும். சோதனையைக் கடலிலேயே செய்யுங்கள்.

இதற்கு ஒரே உண்மையான மாற்று, உள்ளேயே பதிவு செய்யும் வசதி. டிரான்ஸ்மிட்டருக்குள்ளோ அதனுடனோ ஒரு சிறு ரெக்கார்டர் இருந்தால், முங்கிய நொடிகளில் காற்றில் வராமல் போனது கார்டில் இருக்கும். எழும்போது வரும் முதல் மூச்சும் அதோடு சேர்ந்து வரும் முதல் சொல்லும்தான் பெரும்பாலும் நமக்கு வேண்டியவை. ரிசீவர் சிக்னலைத் திரும்பப் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில் போவதும் அவைதான். கடல் வேலைக்குச் செட் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு மில்லிவாட் கூடுதலா குறைவா என்று பார்ப்பதைவிட, இந்த வசதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

தண்ணீர் நுழையப் பார்க்கும் இடங்கள்

பேட்டரி மூடி, மைக் கனெக்டர், ஆண்டெனாவின் அடி, பொத்தான்கள், காற்றுத்துளை ஆகிய ஐந்தும்தான் வாசல்கள்.

பேட்டரி மூடியைக் காப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அது நசுங்கி இரு பரப்புகளையும் நிரப்பும்போதுதான் நீர் நிற்கிறது. குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தாலும், தனுஷ்கோடி மணலில் ஒரு துகள் சிக்கினாலும் அதை ஒட்டி ஒரு நுண்ணிய வாய்க்கால் உண்டாகிவிடும். மூன்று மீட்டர் ஆழத்தில் சுமார் 30 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் இருக்கும். 3 × 5 செ.மீ. மூடியின் மேல் அது நாலரை கிலோ எடை வைத்ததற்குச் சமம். அந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் பாய அது தாராளம்.

ஓ-ரிங்குக்கு கிரீஸ் போடுவதில் இரண்டு தப்புகள் சாதாரணமாக நடக்கின்றன. ஒன்று, அப்பிவிடுவது. கிரீஸ் நீரைத் தடுக்காது. ரிங் முறுகாமல் வழுக்கி உட்கார மட்டுமே அது உதவும். விரலில் ஒரு பட்டாணியில் கால்வாசி எடுத்து, ரிங் மினுமினுக்கும் அளவுக்குத் தடவினால் போதும். கூடினால் மணலைப் பிடித்துவைக்கும். இன்னொன்று, பொருந்தாத கிரீஸ். சிலிகான் ரிங்கில் சிலிகான் கிரீஸ் போட்டால் ரிங் ஊதிவிடும். இபிடிஎம் ரப்பரை வாஸ்லினும் எண்ணெய்களும் ஊதவைக்கும். ரிங் எந்தப் பொருள், எந்த கிரீஸ் என்று செட்டோடு வந்த கையேட்டில் பார்த்து, அதையே வாங்கி வையுங்கள். படகு எஞ்சின் பழுது பார்க்கும் கடைகளில் அளவு ஒத்த ரிங் கிடைக்கும். ஆனால் அளவு ஒத்தால் மட்டும் போதாது, கடினமும் பொருளும் ஒத்துப்போக வேண்டும். வேலை நடுவே ரிங் அறுந்தால் அதை வைத்து அன்றைக்குச் சமாளிக்கலாம். முங்கும் வேலைக்கு அதை நம்பாதீர்கள்.

மைக் கனெக்டர் அடுத்த ஆபத்து. திருகி இறுக்கும் வகையும் உள்ளே ரிங்கும் இருக்க வேண்டும். வெறுமனே செருகும் 3.5 மி.மீ. ஜாக் கடலுக்கு ஆகாது. இன்னொரு வழியாகவும் நீர் வரும், பலர் அதைக் கவனிப்பதில்லை. மைக் வயரின் மேலுறையில் எங்கேனும் வெட்டு இருந்தால், உள்ளே உள்ள நுண்கம்பிகளின் இடுக்குகள் திரியைப் போல நீரை இழுத்து, ஓரடி தள்ளியிருக்கும் கனெக்டருக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியே எல்லா ரிங்கும் சரியாக இருந்தும் செட்டுக்குள் ஈரம் வந்தால் வயரைச் சந்தேகியுங்கள்.

பொத்தான்கள் ரப்பர் படலத்துக்குக் கீழே இருப்பவை. ஆழத்தில் நீரழுத்தமே அவற்றை அமுக்கிவிடக்கூடும். முங்கி எழுந்ததும் செட் மியூட் ஆகியிருப்பதற்கும் அலைவரிசை மாறியிருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எல்லாம் அமைத்து முடித்ததும் பொத்தான் பூட்டை அவசியம் போடுங்கள்.

காற்றுத்துளையை மூடும் மென்படலம் காற்றை விடும், நீர்த்துளியை விடாது. அதன் மேல் சன்ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய், சோப்பு பட்டால் அந்தக் குணம் போய்விடும். நீரை விலக்கும் பரப்பு நனையும் பரப்பாகிவிடும். மைக் தலையிலுள்ள படலத்துக்கும் இதே விதிதான்.

ஐபி எண்ணை வாசிக்கும் முறை

தூசியும் நீரும் எந்த அளவுக்குப் புகாது என்பதைச் சொல்வது ஐபி எண். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஐபி68 என்றால் அதற்கு மேல், தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்துக்கும் நேரத்துக்கும். ஐபிஎக்ஸ்4 வெறும் தெறிப்புக்கு. இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில், ஆடாமல் அசையாமல் வைத்துச் செய்யப்படுபவை. கடைசி எண் 7 அல்லது 8 என்பதால் பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று பொருளில்லை. அதற்கான எண்கள் 5, 6 தனி. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வந்து மோதும் அலை ஒரு பீய்ச்சலே. பெண் கடல் பக்கம் அமைதியாக இருப்பதால் அங்கே தாங்கிய செட்டை மறுபக்கமும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இந்த வித்தியாசம் பெரிது.

கடலில் இறங்கும் முன்

முந்தின நாள் வீட்டிலேயே கசிவுச் சோதனை செய்யுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரி அறைக்குள் காய்ந்த டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து மூடுங்கள். ஒரு பாத்திரத்தில் 40 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் எடுத்து, அறை வெப்பத்தில் இருக்கும் செட்டை அதில் அமிழ்த்துங்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும். கசிவு இருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழ் வரிசையாக வரும். ஒட்டியிருந்த ஓரிரு குமிழ்கள் தொடக்கத்தில் கழன்று போவதும் காற்றுத்துளைப் படலம் வழியாகக் காற்று வருவதும் வேறு, மற்ற இடங்களில் ஒரே புள்ளியிலிருந்து விடாமல் வருவது வேறு. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு உடனே வெளியே எடுங்கள். தண்ணீரோடு சேர்த்து ஆறவிட்டால், சுருங்கும் காற்று அதே ஓட்டை வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். குமிழ் வராவிட்டால், எடை கட்டி ஒரு வாளி நீரின் அடியில் அரை மணி நேரம் வைத்து, துடைத்து, திறந்து டிஷ்யூவைப் பாருங்கள்.

இதே இழுக்கும் விளைவுதான் கடற்கரையில் செட்டுகளைக் கெடுக்கிறது. வெயிலில் கிடந்து 50 டிகிரி ஏறிய டிரான்ஸ்மிட்டரை 28 டிகிரி கடலில் போட்டால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். அது 70 செ.மீ. கூடுதல் ஆழத்துக்குச் சமம். இடுப்பளவு நீரில் நிற்பவரின் செட், உண்மையில் அதைவிட ஆழத்தில் இருப்பதுபோல அழுத்தப்படும். எனவே செட்டை நிழலில் வைத்து, நிழலிலேயே மூடி, நிழலிலிருந்தே மாட்டுங்கள். பாம்பன் பக்கம் மணலில் நிழல் கிடைப்பது அரிது. ஈரத்துணி போர்த்திய, மூடியுள்ள வெள்ளை டப்பா ஒன்று போதும்.

ஈரமும் உண்டு. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை உள்ளே வைத்து மூடினால், செட் சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் அது பனியாகப் படியும். ஏசி அறையில் வைத்த செட்டை வெளியே கொண்டுவந்து உடனே திறந்தாலும் அதேதான் நடக்கும். அறையிலேயே செல்களைப் போட்டு மூடிக் கொண்டுவாருங்கள். வெளியே திறந்தே ஆக வேண்டுமென்றால், மூடிய பைக்குள் அரை மணி நேரம் வைத்து வெளி வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

செல்களில் ஒரு முன்னெச்சரிக்கை. பழையதும் புதியதும், இரு வகைகளும் கலந்து போடக் கூடாது. வலு குறைந்த செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகி வாயுவை வெளிவிடும். காற்றுப் புகாத பெட்டிக்குள் அந்த வாயு சேர்ந்தால் வெடிப்புக்கே இடமுண்டு. கையேடு அனுமதித்தால் 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல்கள் சிறந்தவை. விலை அதிகம், ஆனால் எளிதில் கசியாது, கடைசி வரை வோல்ட் விழாது, இடையில் மூடியைத் திறக்கும் தேவையையும் குறைக்கும். கடற்கரையில் மூடியைத் திறக்காத ஒவ்வொரு முறையும் ஓர் ஆபத்து குறைகிறது.

மூடும் வரிசை இது: கையைக் கழுவித் துடையுங்கள். ரிங்கைப் பஞ்சு விடாத துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவி வெடிப்போ மணலோ இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தை மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கூரான ஊசியால் ரிங்கைக் கிளப்பாதீர்கள். மெல்லிய கிரீஸ், ரிங், மூடி என்ற வரிசையில் போட்டு ஒரே சீராக இறுக்குங்கள். பிறகு மூடிக் கோட்டை வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பாருங்கள்.

நீர்புகா செட் இல்லை, தெறிப்பு மட்டும்தான் என்றால், சாதாரண டிரான்ஸ்மிட்டரை லூப்ரிகன்ட் இல்லாத ஆணுறைக்குள் போட்டு, மைக் வயர் வெளிவரும் இடத்தில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய வழக்கம். வயர் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வள்ளத்தில் உட்கார்ந்து பேசுபவருக்கு இது போதும். முங்குபவருக்குப் போதாது.

உடம்பில் மாட்டுவது

இடுப்பில் மாட்டும் பழக்கத்தை இங்கே விட வேண்டும். இடுப்பளவு நீரில் இடுப்பிலிருக்கும் செட் கடலுக்குள் இருக்கும் செட். கழுத்துக்குக் கீழே, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகின் மேற்பகுதியில் வையுங்கள். பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டிருப்பார்கள். அந்தச் சட்டையின் உட்புறம் நியோபிரீன் பை ஒன்றைத் தைத்து அதில் செருகலாம். ஆண்டெனா மேல்நோக்கி நிற்க வேண்டும், நனைந்த துணியோடு ஒட்டக் கூடாது. உப்பு நனைந்த துணியும் ஒரு கடத்தியே. அதில் ஒட்டிய ஆண்டெனா தன் அலைவரிசை ஒத்திசைவை இழந்து பாதிச் சக்தியைத் திருப்பி அனுப்பும். ஆண்டெனாவைச் சிலிகான் குழாய்க்குள் விட்டு, உடம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது விலக்கி வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

வயரைக் கழுத்தைச் சுற்றி ஒருபோதும் ஓட்டாதீர்கள். வலையிலோ பாறையிலோ சிக்கினால் உயிருக்கு ஆபத்து. சட்டைத் தையலோடு ஒட்டி முதுகிலிருந்து தோள் வழியாக நெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். இழுத்தால் கழன்று விழும்படி ஒட்டுங்கள். தலையைத் திருப்பவோ கையை வீசவோ செட் தடையாக இருந்தால், மாட்டுபவர் சொல்வதைக் கேட்டு இடத்தை மாற்றுங்கள். கடலில் எது ஆபத்து என்பது அவருக்குத்தான் தெரியும்.

மைக் தலை கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் வாயில் நீர் குட்டையாகத் தேங்கும், எழுந்து பேசும் முதல் வார்த்தைகள் போர்வைக்குள் இருந்து வருவதுபோல இருக்கும். கீழ்நோக்கி வைத்தால் துளி தானே விழும். தேங்கிவிட்டால் மெல்லத் தட்டினால் போதும். வாயால் ஊதுவதோ ஏர் பம்ப்பால் அடிப்பதோ படலத்தைக் கிழிக்கும். பஞ்சுத் தொப்பி நனைந்தால் காயவே காயாது. காற்றுக்கு அது வேண்டுமென்றால் பிழிந்து மாற்ற நாலைந்து கையில் இருக்கட்டும்.

கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைவாக வையுங்கள். சாதாரணப் பேச்சின் உச்சம் மீட்டரில் மைனஸ் 20 டெசிபெல் அருகே நின்றால், எழும்போது வரும் மூச்சிரைப்புக்கும் அலை அறையும் சத்தத்துக்கும் இடம் இருக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போடுங்கள்.

ரிசீவரை உயர்த்துவது

நீர்ப்பரப்பின் மேல் சிக்னல் போகும்போது நேராக ஓர் அலையும் நீரில் பட்டுத் திரும்பி ஓர் அலையும் ரிசீவருக்கு வரும். தாழ்வான ஆண்டெனாக்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அழித்துக்கொள்கின்றன. இதனால் சில மீட்டர்களுக்கு அப்பால் தூரம் இரட்டித்தால் 12 டெசிபெல் விழும். திறந்த வெளியில் விழுவதைப்போல இரு மடங்கு. ஆண்டெனா உயரம் இரட்டித்தால் 6 டெசிபெல் ஏறும்.

எடுத்துக்காட்டாக, முதுகிலிருக்கும் ஆண்டெனா நீரிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், ரிசீவர் ஆண்டெனா மூங்கில் கம்பில் 3 மீட்டர் உயரத்தில், இடைவெளி 100 மீட்டர் என்போம். பாதை இழப்பு சுமார் 81 டெசிபெல். 50 மில்லிவாட் என்பது 17 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). உடம்பும் ஈரமும் 15 முதல் 20 டெசிபெல் தின்னும் என்று கொண்டால், ரிசீவருக்கு வருவது மைனஸ் 80 டிபிஎம் சுற்றில். நல்ல ரிசீவருக்கு மைனஸ் 90 வரை போதும் என்பதால் கொஞ்சம் கையிருப்பு உண்டு. 200 மீட்டரில் அந்தக் கையிருப்பு காலி. ரிசீவரை மணலில் முழங்கால் உயரத்தில் வைத்தால் 100 மீட்டரிலேயே காலி. அவர் கழுத்தளவு நீருக்குப் போய் ஆண்டெனா வெறும் 10 செ.மீ. மட்டும் வெளியே நின்றால் இன்னும் 10 டெசிபெல் குறையும். இந்தக் கணக்கைப் பார்த்தால், கரையில் நின்று 100 மில்லிவாட் செட் தேடுவதைவிட, ரிசீவரோடு வள்ளத்தில் ஏறி 40 மீட்டருக்குள் நிற்பதே புத்திசாலித்தனம் என்பது விளங்கும்.

இரண்டு ரிசீவர் ஆண்டெனாக்களையும் குறைந்தது அரை அலைநீளம், முடிந்தால் ஒரு மீட்டர் இடைவெளியில் கட்டுங்கள். டைவர்சிட்டி ரிசீவர் இரண்டில் வலுவானதைத் தேர்ந்தெடுக்கும். ஒன்றில் அலைகள் அழிந்தாலும் மற்றொன்றில் இருக்கும். சாதாரண ஆர்ஜி58 ஆண்டெனா கேபிள் 10 மீட்டருக்கு மூன்று நான்கு டெசிபெல் தின்னும். அதனால் ரிசீவரையே கம்பின் அருகே வைத்து, ஒலி வயரை நீட்டுங்கள். படகு எஞ்சின், இன்வெர்ட்டர் அருகே ஆண்டெனாவைக் கட்ட வேண்டாம்.

அலைவரிசையும் அனுமதியும்

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது. யுஎச்எஃப் செட்டைத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவின் விதிகளைப் பார்த்தே இயக்க வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸில் இப்போது 5ஜி ஓடுவதால் அந்தப் பட்டையிலுள்ள பழைய செட்டுகளை ஒதுக்குங்கள். எங்கே போனாலும் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். ராமேஸ்வரத்தில் சரியாக இருந்தது அரிச்சல்முனையில் சரியாக இராது. தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கி.மீ. தூரம்தான். கடலுக்கு மேல் தடையே இல்லாததால் இலங்கை செல்போன் கோபுரங்களே அங்கு நம் போனில் சிக்கும். இரண்டு மைக் ஓட்டினால் அவற்றின் அலைவரிசை இடைவெளியை இருபுறமும் கணக்கிட்டுப் பாருங்கள். 520 மெகாஹெர்ட்ஸும் 521-ம் ஓடினால் 519-லும் 522-லும் போலிச் சிக்னல் பிறக்கும். மூன்றாவது மைக்கை அங்கே வைக்காதீர்கள்.

உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் உள்ளன. கம்பும் ஆண்டெனாவுமாகக் கடற்கரையில் நிற்பவர்களை விசாரிப்பது அங்கே இயல்பு. காவல் நிலையத்துக்கும் மீன்வளத் துறைக்கும் முன்பே தெரிவியுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. பாசி எடுக்கும் பெண்களுக்கு அந்தத் தீவுகளைச் சுற்றி ஏற்கெனவே கெடுபிடி உண்டு. பதிவில் இடப்பெயரும் குரலும் சேர்ந்து வருவது நாளை அவர்களுக்குச் சிக்கலாகக் கூடாது. மைக்கை மாட்டும்போதே எது பதிவாகிறது, எப்போது அணைப்பது என்பதை விளக்கிச் சொல்லி, அவரே அணைக்கச் சொல்லும் உரிமையைக் கொடுங்கள்.

சத்தம் கெட்டால் காரணம் தேடும் வரிசை

முங்கி எழுந்ததும் சத்தம் மந்தமாக இருந்து சில நொடிகளில் தெளிந்தால் மைக் வாயில் நீர்த்துளி, கவலையில்லை. ஆழமாக முங்கிய பின் வெகுநேரம் மெலிந்தே இருந்தால், நீரழுத்தம் டயஃப்ரத்தைப் பின்தட்டோடு அமுக்கியிருக்கும். உள்ளழுத்தம் சமனாகும் வரை பொறுங்கள். அந்த மைக்கை மறுபடி அந்த ஆழத்துக்கு அனுப்பாதீர்கள். அசையும்போது மட்டும் கரகரத்தால் கனெக்டர். அசையாமலேயே கரகரத்தால் கனெக்டருக்குள் உப்பு. ரிசீவரில் ரேடியோ அளவு நிறைந்திருந்தும் சத்தம் இல்லை என்றால் மியூட் அல்லது மைக். ரேடியோ அளவே இல்லை என்றால் ஆண்டெனா நீருக்குள் இருக்கிறது, அல்லது செல் தீர்ந்தது. அளவு நிறைந்திருந்து சத்தத்தில் வேறு பேச்சோ இரைச்சலோ கலந்தால் அலைவரிசையை மாற்றுங்கள்.

கரையேறிய பின் கழுவுவது

செட்டைச் சாகடிப்பது பெரும்பாலும் கடலில் இருந்த அந்த ஒரு மணி நேரம் அல்ல, அதற்குப் பின் காயவிட்ட இரவு. உப்புப் படிகம் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். நம் கடற்கரை இரவுகளில் ஈரம் அதைத் தாண்டுவது வழக்கம். ஆகவே காய்ந்ததாகத் தெரியும் உப்பு தினமும் இரவில் ஈரமாகி, தொடுமுனைகளைத் தின்றுகொண்டிருக்கும்.

கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். மாவட்டத்தின் கடலோர ஊர்களில் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவுவது வீண். காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். மூடியைத் திறக்காமலேயே, மைக் கனெக்டர் மாட்டியபடியே, பாத்திரத்தில் பத்து நிமிடம் அமிழ்த்தி, பொத்தான்களைச் சில முறை அமுக்குங்கள். தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. குழாயடியில் பீய்ச்ச வேண்டாம். துடைத்து, மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திறங்கள். விளிம்பில் நிற்கும் துளி உள்ளே போகாமல் வெளியே விழும். செல்களை எடுத்து, ரிங்கைக் கழற்றிக் கழுவி, மூடி திறந்தபடியே சிலிகா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள்.

உள்ளே உப்புத்தண்ணீர் போய்விட்டால் நேரம்தான் எல்லாம். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். மின்னோட்டம் இருக்கும்போது உப்புநீரில் செம்பு கரைந்து பச்சையாகப் படியும். நிமிடங்களில் சர்க்யூட் பலகையின் மெல்லிய செம்புத் தடங்கள் அறுந்துவிடும். உடனே செல்லை எடுத்து, பேட்டரி அறையை டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு மூன்று முறை அலசி ஊற்றுங்கள். திறக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால் பெட்டியைத் திறந்து பலகையையும் அலசி, பிறகு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் அலசி மென்மையான பிரஷ்ஷால் துலக்க வேண்டும். ஆல்கஹால் நீரைத் தன்னோடு கொண்டுபோகும், உப்பை அவ்வளவாகக் கரைக்காது. அதனால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. பக்கத்தில் நெருப்போ பீடியோ இருக்கக் கூடாது. மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயட்டும். கார் கண்ணாடிக்குப் பின்னாலோ நேர் வெயிலிலோ வைத்தால் ரிங்கும் படலமும் கெடும். அரிசிக்குள் புதைப்பதால் உப்பு எங்கும் போகாது, தூசிதான் சேரும். காய்ந்த பின் கனெக்டர் முனைகளைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பச்சையோ கறுப்போ தெரிந்தால் செல் போடாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஒருமுறை நீர் புகுந்து பிழைத்த செட்டை எல்லா ரிங்கும் மாற்றி, வாளிச் சோதனையை மறுபடி முழுதாகச் செய்த பிறகே கடலில் இறக்குங்கள்.